எண்ணெய்க் கப்பலும் எங்கள் பேரீச்சம்பழப் பெட்டியும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில், 2024 செப்டம்பரில் ஆற்றிய உரை)





உலக அரசியலைப் பற்றிப் பேசப் பேராசிரியர்களை அழைப்பார்கள். இம்முறை மளிகைக் கடைக்காரர்களை அழைத்திருக்கிறீர்கள். சகோதரர்கள் மூவர் சேர்ந்து நடத்தும் கடை எங்களுடையது. அதனால் பேச்சிலும் 'நாங்கள்' என்றுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயம் படித்ததால் கப்பல், கொள்கலன், காப்புறுதி பற்றிக் கொஞ்சம் ஏட்டில் அறிந்தோம். மீதியை இந்த ஆண்டு நோன்பு மாதம் கற்றுக்கொடுத்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கடந்த ரமலானில் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு மூதாட்டி, துனிசியாப் பேரீச்சம்பழத்தின் விலையைக் கேட்டார்கள். கிளையோடு பெட்டியில் வருமே, அந்தப் பழம். விலையைச் சொன்னோம். "காஸா சண்டையைச் சொல்லி நீங்களும் விலையை ஏத்துறீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். எங்களுக்குச் சுருக்கென்று இருந்தது. உள்ளே போய்க் கப்பல் நிறுவனம் அனுப்பிய ரசீதை எடுத்து வந்து காட்டினோம். அவர்கள் அதைப் பார்க்கவில்லை. "கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? அரைக் கிலோ போடுங்க" என்றார்கள். வருடா வருடம் இரண்டு கிலோ வாங்குகிறவர்கள். அன்று காட்ட முடியாத கணக்கைத்தான் இன்று சபையில் விரித்து வைக்கிறோம்.

நடந்தது இது. 2023 டிசம்பர் நடுவில் எங்கள் கொள்கலன் துனிசியாவிலிருந்து கிளம்பியது. வழக்கமாக மத்தியதரைக் கடலில் ஒரு பெரிய துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். அங்கிருந்து சூயஸ் கால்வாய், செங்கடல், பாபுல் மந்தப், அரபிக்கடல் என்று வந்து சேரும். ஜனவரி கடைசிக்குள் சரக்கு நம் கைக்கு வந்துவிடும். மார்ச் 12ஆம் தேதி நோன்பு தொடங்குமுன் பள்ளிவாசல்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

ஆனால் அதற்கு முந்தைய மாதம், நவம்பர் 19ஆம் தேதி, 'கேலக்சி லீடர்' என்ற கார் ஏற்றும் கப்பலை ஏமனின் ஹூத்திகள் ஹெலிகாப்டரில் இறங்கிப் பிடித்துவிட்டார்கள். அதிலிருந்த 25 மாலுமிகளும் பல நாட்டுக்காரர்கள். 2024 செப்டம்பரில் அவர்கள் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. டிசம்பரில் ஏவுகணைத் தாக்குதல்கள் தொடர்ந்ததும், உலகின் பெரிய கொள்கலன் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செங்கடல் பக்கம் போகமாட்டோம் என்று அறிவித்தன. எங்கள் பெட்டி மத்தியதரைக் கடலில் மாட்டிக்கொண்டது. ஜனவரி கடைசியில்தான் வேறு கப்பலில் ஏறியது. கிழக்கே வரவேண்டிய சரக்கு மேற்கே போய், ஜிப்ரால்டரைத் தாண்டி, ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாக வந்தது. கொழும்பில் மறுபடி மாற்றினார்கள். எல்லாரும் அங்கே மாற்றியதால் அங்கும் நெரிசல். சிங்கப்பூரில் பெட்டி இறங்கியது மார்ச் 26, அதாவது நோன்பு பதினைந்து.

பெட்டி நடுக்கடலில் இருக்கும்போதே கப்பல் நிறுவனத்திடமிருந்து அவசரக் கூடுதல் கட்டணம் என்று ஒரு கடிதம் வந்தது. ஒப்புக்கொண்ட கூலிக்குமேல், நடுவழியில்! வழக்காடினால் பெட்டியை விடமாட்டார்கள். பழம் குளிர்பதனத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு. கட்டினோம். பள்ளிவாசலுக்கு வாக்குக் கொடுத்த பழத்துக்காக, உள்ளூரில் மற்ற வியாபாரிகளிடம் கூடுதல் விலைக்கு வாங்கி, பேசிய விலைக்கே கொடுத்தோம். அதில் ஒரு நட்டம். கடையில் சில்லறை விலையை ஏற்றினோம்; அதில் அந்த மூதாட்டியின் கேள்வி. தாமதமாக வந்த சரக்கில் பெரும்பகுதி பெருநாளுக்குப் பிறகும் அடுக்கில் கிடந்தது. அதில் இன்னொரு நட்டம்.

இனி, இதற்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

செங்கடலின் தெற்கு வாசலுக்குப் பெயர் பாபுல் மந்தப். மதரசாவுக்குப் போன பிள்ளைகளுக்கு 'பாப்' என்றால் வாசல் என்று தெரியும். அழுகையின் வாசல் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அங்கிருந்து கிழக்கே, பாரசீக வளைகுடாவின் வாய்தான் ஹோர்முஸ் நீரிணை. அதன் குறுகிய இடம் 21 கடல் மைல்தான். அதிலும் கப்பல் போக ஒரு பாதை, வர ஒரு பாதை, ஒவ்வொன்றும் 2 மைல் அகலம். உலகம் ஒரு நாளில் செலவழிக்கும் பெட்ரோலியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 20 மில்லியன் பீப்பாய் அளவுக்கு, அந்த இரண்டு மைலில்தான் வெளியே வருகிறது. கத்தார் விற்கும் திரவ எரிவாயுவுக்கும் வேறு வழி கிடையாது. மூன்றாவது வாசல் நம்முடையது, மலாக்கா நீரிணை. 800 கிலோமீட்டர் நீளம். சிங்கப்பூருக்கு அருகே பிலிப் கால்வாய்ப் பகுதியில் 2.7 கிலோமீட்டராகச் சுருங்குகிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எதிரே வரிசையாக நிற்கும் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த வழியே போகின்றன. எண்ணெய் அளவில் பார்த்தால் ஹோர்முஸைவிட மலாக்காவில் போவதுதான் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். ஹோர்முஸுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, சவூதி அரேபியா கிழக்கிலுள்ள அப்கைக்கிலிருந்து மேற்குக் கரையிலுள்ள யான்பு துறைமுகம்வரை குழாய் போட்டது. ஈரான், ஈராக் சண்டைக் காலத்தில், எண்பதுகளில் தொடங்கிய ஏற்பாடு அது. நல்ல யோசனைதான். ஆனால் யான்பு இருப்பது செங்கடலில். அங்கே ஏற்றிய எண்ணெய் ஐரோப்பாவுக்குப் போவதானால் வடக்கே போய்விடும். சீனா, ஜப்பான், இந்தியா, சிங்கப்பூருக்கு வரவேண்டுமானால் பாபுல் மந்தப் வழியாகத்தான் வர வேண்டும். ஒரு வாசலைத் தவிர்க்கப் போய் இன்னொரு வாசலில் போய் நிற்பது. ஐக்கிய அரபு சிற்றரசுகள் மட்டும் 2012இல் ஹப்ஷானிலிருந்து ஹோர்முஸுக்கு வெளியே உள்ள ஃபுஜைராவுக்குக் குழாய் போட்டன. ஆனால் அதன் கொள்ளளவு ஹோர்முஸ் வழியாக வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நம் சங்கம் தொடங்கிய ஆண்டு 1974. பொன்விழா என்பதால் அந்த ஆண்டில் கடல் எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்தோம். பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1973 அக்டோபர் போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்தது 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. அதே நேரத்தில் சூயஸ் கால்வாயும் மூடித்தான் கிடந்தது! 1967 ஜூன் போரில் மூடிய கால்வாய் 1975 ஜூனில்தான் திறந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட 14 கப்பல்கள் கசப்பு ஏரியில் எட்டு ஆண்டு பாலைவன மணல் படிந்து மஞ்சளாகி நின்றன. ஆகவே நம் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் கையில் இருந்த தேநீர்க் கோப்பை ஐரோப்பாவிலிருந்து வந்ததாக இருந்தால், அதுவும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் வந்திருக்கும். ஐம்பதாவது ஆண்டில் எங்கள் பேரீச்சம்பழமும் அதே வழியில் வந்தது.

எங்கள் தந்தையார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். "அப்பவும் விலை ஏறிச்சு, ஏறினது திரும்ப இறங்கலே" என்றார்கள். அது உண்மைதான். அந்த எண்ணெய்க் கப்பல்கள் அவ்வளவு பெரிதானதற்குக் கால்வாய் மூடியதும் ஒரு காரணம். ஆப்பிரிக்காவைச் சுற்றுவதென்றால் பெரிய கப்பலில் மொத்தமாக ஏற்றினால்தான் கட்டும். அப்படிப் பெரிதான கப்பல்களில் ஒன்றுதான் 'ஷோவா மாரு'. 1975 ஜனவரியில் நம் தென்கரைக்கு அருகே பாறையில் தட்டி ஆயிரக்கணக்கான டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்று நாடுகளும் கூடிப் பேசி, நீரிணையில் போகும் பாதை, வரும் பாதை என்று பிரித்தன. அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 1977இல் ஒப்புதல் தந்தது. 1981இல் நடைமுறைக்கு வந்தது. சூயஸ் வெட்டிய கால்வாய். அதனால் எகிப்து சுங்கம் வாங்கலாம், அது அந்நாட்டின் பெரிய வருமானம். மலாக்கா இறைவன் தந்த நீர்வழி. அனைத்துலகக் கடல் சட்டப்படி அதில் போகும் கப்பலிடம் சும்மா கடப்பதற்குக் காசு வாங்க முடியாது. ஆனால் எண்ணெய் கொட்டினால் கரை மூன்று நாடுகளுடையது.

நம் ஊர் இந்த எண்ணெய்க் கதைக்குள் வந்ததே ஒரு மண்ணெண்ணெய் வியாபாரத்தால்தான். அக்காலத்தில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய், தகர டின்னில் அடைத்து மரப்பெட்டியில் வைத்து, கப்பலில் வந்தது. இடத்தை அடைக்கும், ஒழுகும். லண்டன் வியாபாரி மார்க்கஸ் சாமுவேல் ரஷ்ய மண்ணெண்ணெயைத் தொட்டிக் கப்பலில் மொத்தமாகக் கொண்டுவரத் திட்டமிட்டார். தீப்பிடிக்கும் சரக்கை ஊருக்குள் வைக்க முடியாது என்பதால் 1891இல் புக்கோம் தீவில் கிடங்கு அமைந்தது. 1892 ஆகஸ்டில் அவருடைய 'மியூரெக்ஸ்' கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்தது. அப்படிக் கடந்த முதல் எண்ணெய்த் தொட்டிக் கப்பல் அதுதான். அது நேராக வந்து சரக்கு இறக்கிய இடங்களில் ஒன்று நம் புக்கோம். சாமுவேலின் தகப்பனார் கடற்சிப்பி விற்றவர். பின்னால் நிறுவனத்துக்கு 'ஷெல்' என்று பெயர் வந்தது அதனால்தான். 1961இல் புக்கோமில் சிங்கப்பூரின் முதல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் ஊறாத மண்ணில் இன்று நாளொன்றுக்கு ஒரு மில்லியன் பீப்பாய்க்கு மேல் சுத்திகரிக்க வசதி இருக்கிறது.

நம் முன்னோர் அப்போது எங்கே இருந்தார்கள்? தண்ணீரிலேதான் இருந்தார்கள். சிங்கப்பூர் ஆற்றில் தொங்கான் தள்ளியவர்களில் சூலியா முஸ்லிம்கள் ஒரு காலத்தில் பெரும்பங்கு. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது கடல் அதன் முன்னால்தான் இருந்தது. பின்னால் கடையநல்லூர், தென்காசி ஊர்க்காரர்கள் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். எங்கள் பாட்டனாரும் அவர்களில் ஒருவர். சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்தக் கப்பல் ஏன் பிந்தியது என்பதெல்லாம் அவருக்கு முதுகால் தெரியும். நமக்குத் திரையில்தான் தெரிகிறது.

கடல்வழி அடைபட்டால் எல்லாருக்கும் நட்டம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தங்கை மாப்பிள்ளை பங்கர் படகில் வேலை பார்க்கிறார், அதாவது கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் படகு. உலகிலேயே அதிகம் எரிபொருள் நிரப்பும் துறைமுகம் நம்முடையது. 2023இல் மட்டும் 51.8 மில்லியன் டன். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியதும் என்ன ஆயிற்று? இங்கிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழி சுமார் 8,500 கடல் மைல். நன்னம்பிக்கை முனை வழி சுமார் 11,800. மிச்ச மைலுக்கும் எண்ணெய் வேண்டுமே! ஒரு நோன்பு திறப்பில் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறோம். மாப்பிள்ளை ஓவர்டைம் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறார். நாங்கள் பழம் வரவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறோம். ஒரே தட்டில் கை வைத்திருக்கிறோம், ஒரே காரணம்.

மே, ஜூன் மாதங்களில் நம் துறைமுகமே நெரிசலானது. நேரம் தவறி வந்த கப்பல்கள் ஒரே சமயத்தில் குவிந்தன; பெட்டியை இங்கே இறக்கி வைத்துவிட்டு அடுத்த துறைமுகத்தைத் தாண்டிப் போய்விட்டன. துறையில் இடம் கிடைக்கச் சில கப்பல்கள் இரண்டு, மூன்று நாள் காத்திருந்தன. துவாஸுக்கு மாறிப்போவதற்காகக் கைவிட்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய துறைகளை மறுபடி திறந்தார்கள். 2023இல் 39 மில்லியன் கொள்கலன்களைக் கையாண்ட துறைமுகத்துக்கே இப்படி என்றால், செய்தியைப் படிக்கும்போது ஏமன் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. சண்டை நடக்கும் கடலில் போகும் கப்பலுக்குத் தனியாகப் போர்க் காப்புறுதி வாங்க வேண்டும். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் செங்கடலில் அது கப்பல் மதிப்பில் 0.7 முதல் 1 விழுக்காடுவரை ஏறியதாகச் செய்திகள் சொல்லின. 100 மில்லியன் டாலர் கப்பலுக்கு ஒரே ஒரு பயணத்துக்கு ஒரு மில்லியன் டாலர். இதை நமக்கும் ஒரு முறை செய்தார்கள். கடற்கொள்ளையைக் காரணம் காட்டி 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் போர் அபாயக் குழு மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பட்டியலில் சேர்த்தது. இங்கே ஏது போர்? மூன்று நாட்டு அரசுகளும் ரோந்துக் கப்பல், ரோந்து விமானம் என்று கூட்டாக இறங்கி, 2006 ஆகஸ்டில்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வைத்தன. லண்டனில் ஒரு அறையில் சிலர் உட்கார்ந்து ஒரு பெயரை எழுதினால் இங்கே அரிசி விலை அசைகிறது. எங்களுக்குப் போர்க்கப்பலைவிட அந்தப் பட்டியல்தான் பயம்.

பெரிய நாடுகளுக்கும் இந்தப் பயம் உண்டு. சீனா இறக்குமதி செய்யும் எண்ணெயில் பெரும்பகுதி மலாக்கா வழியாகப் போகிறது. அவர்கள் மியன்மாரின் சாவ்பியூவிலிருந்து யுன்னானுக்கு எண்ணெய்க் குழாய் போட்டார்கள். 2017இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 22 மில்லியன் டன் கொள்ளளவு. சீனாவின் தேவைக்கு அது சிறு பங்கு. தாய்லாந்து கிரா நிலப்பகுதியை வெட்டிக் கால்வாய் போடப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருடம் ஒரு முறை வரும். முந்நூறு ஆண்டுக்கு மேலாக அந்தப் பேச்சு இருக்கிறது. இப்போது கால்வாய் வேண்டாம், ரானோங்கிலிருந்து சும்போனுக்குச் சாலையும் இரயிலும் போட்டு, பெட்டிகளை இந்தக் கடலில் இறக்கி அந்தக் கடலில் ஏற்றலாம் என்கிறார்கள். இரண்டு முறை இறக்கி ஏற்றுவதன் செலவு என்ன என்று எங்களைப் போல ஒரு பெட்டிக்குக் கட்டிப் பார்த்தவர்களைக் கேட்கலாம். எங்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. ஆனால் நம் அரசாங்கம் அலட்சியமாக இராது, துவாஸில் அவ்வளவு பெரிய துறைமுகம் கட்டுவது சும்மாவா?

இளைஞர்களுக்கு வீட்டுக்குள் இருக்கும் உதாரணம் ஒன்று. நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு அளவு எரிவாயுவிலிருந்து வருகிறது. மலேசியா, இந்தோனேசியாக் குழாய்களில் ஒரு பங்கு; 2013இல் ஜூரோங் தீவில் திறந்த முனையத்துக்குக் கப்பலில் வரும் திரவ எரிவாயு ஒரு பங்கு. 2021இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது, மலிவாகத் தருகிறோம் என்று வீடு வீடாக வந்த மின்சில்லறை நிறுவனங்கள் சில கடையைச் சாத்தின. எங்கள் குளிர்கிடங்குக்கு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனமும் அதில் ஒன்று. கையெழுத்து வாங்க வந்த பையனின் தொலைபேசி அடுத்த வாரமே எடுபடவில்லை.

இவ்வளவும் காசுக் கணக்கு. இன்னொரு கணக்கையும் சொல்லாமல் இறங்கினால் சரியில்லை. மார்ச் 6ஆம் தேதி, நோன்புக்கு ஒரு வாரம் முன்னால், ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்ற சரக்குக் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். இரண்டு பேர் பிலிப்பீன்ஸ்காரர்கள், ஒருவர் வியட்நாம்காரர். மிச்சம் இருந்தவர்களை இந்தியக் கடற்படைக் கப்பல் மீட்டது. காஸாவுக்காகச் செய்கிறோம் என்பது தாக்கியவர்கள் சொன்ன காரணம். காஸாவை நினைத்து நம் எல்லாருக்கும் நெஞ்சு எரிகிறது; துஆ கேட்காத நாள் இல்லை. ஆனால் அந்தக் கப்பலில் மூட்டை முடிச்சோடு சம்பளத்துக்குப் போனவன் யாருக்கு என்ன செய்தான்? செய்தி வந்த அன்று எங்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்று நாங்கள் கணினியில் தேடிக்கொண்டிருந்தோம். தந்தையார் பின்னால் வந்து நின்று, "பழம் பிந்தி வரும். வந்துடும்ல?" என்று மட்டும் கேட்டார்கள். துறைமுகத்தில் சுமை தூக்கியவரின் மகன் அவர்கள். நாங்கள் கணினியை மூடினோம்.

விலையை ஏற்றியது சரியா என்று சகோதரர்கள் மூவருக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. மூத்தவர், வந்த கூடுதல் செலவை மட்டும்தானே ஏற்றினோம், பதுக்கவில்லையே என்கிறார். அது உண்மைதான். ஆனால் பழைய விலைக்கு வாங்கிய பழம் இருபது பெட்டி கிடங்கில் இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் புது விலை ஒட்டினோம். மூதாட்டியின் கேள்விக்கு அந்த இருபது பெட்டி அளவுக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் வாங்கிய அரைக் கிலோ அதிலிருந்து எடுத்ததுதான்.

அடுத்த ரமலான் 2025 மார்ச் தொடக்கத்தில். இப்போதே ஏற்பாடு செய்தாக வேண்டும். துனிசியாவை விட்டுவிட்டுச் சவூதிப் பழம் எடுக்கலாமா என்று பார்த்தோம். ஜித்தாவில் ஏற்றினால் பாபுல் மந்தப். தம்மாமில் ஏற்றினால் ஹோர்முஸ். வரைபடத்தை எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒரு வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. கடைசியில் பாதியைத் தம்மாமிலிருந்தும், பாதியைத் துனிசியாவிலிருந்து நேராக ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரும்படியும் பதிவு செய்திருக்கிறோம். அறுவடை அக்டோபரில், நவம்பரில் கிளம்பினால் பிந்தினாலும் ஜனவரிக்குள் வந்துவிடும் என்று முகவர் சொல்கிறார். இரண்டு மாதம் கூடுதலாகக் குளிர்கிடங்கு வாடகை ஆகும். அதைச் சேர்த்தே விலை போட்டு, நோன்புக்கு முன்பே கடை வாசலில் எழுதி ஒட்டிவிடுவதாக முடிவு. முன்பணம் சென்ற வியாழக்கிழமை கட்டியாயிற்று. அந்த மூதாட்டிக்கு இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லித் தந்தையார் இப்போதே சொல்லிவிட்டார்கள். பணம் வாங்கச் சொன்னார்களா, வேண்டாமென்றார்களா என்பது எங்களுக்கும் இன்னும் தெளிவாகவில்லை.